பாலத்துக்கு அப்பால் படித்த பெண்கள்

பேராதனைப் பல்கலைக்கழகத்தைக் காண வருகிறவர்கள் ஹந்தானை மலையின் அடிவாரத்தையும், செனற் கட்டடத்தையும், சரச்சந்திரவின் பெயர் தாங்கிய திறந்தவெளி அரங்கையும் கண்டு, மரநிழலிலே சற்று இளைப்பாறித் திரும்பிவிடுவது வழக்கம். மகாவலியின் மறுகரையில் அமைந்திருக்கும் பொறியியல் பீடத்தை எட்டிப் பார்ப்பவர் அவர்களுள் மிகச் சிலரே. எண்பதுகளின் நடுப்பகுதியில் அங்கே படித்த எங்களுக்கோ, ஆற்றின் குறுக்கே கிடக்கும் அக்பர் பாலந்தான் தினசரி வழி. பெண்கள் விடுதிகள் ஒரு கரையில், எங்கள் பீடம் மறுகரையில். காலை வேளையில் விடுதி வாசல்களிலிருந்து புறப்படுகிற பெண்கள் கூட்டத்தின் பெரும்பகுதி கலைப் பீடத்தின் பக்கமாகவும் விஞ்ஞான பீடத்தின் பக்கமாகவும் பிரிந்து போய்விட, வரைபடச் சுருள்களையும் நீண்ட அளவுகோல்களையும் சுமந்துகொண்டு பாலத்தை நோக்கி நடந்தவர்கள் ஒரு சிறு குழுவினராகவே இருந்தோம். பாலத்தின் நடுவே எதிர்ப்படுகிற ஆண் மாணவர்கள் மரியாதையோடு வழிவிடுவார்கள். ஆனால் அந்த மரியாதையிலேயே, இவர்கள் இங்கே எதற்கு என்கிற ஒரு மெல்லிய வியப்பும் கலந்திருப்பதை நாங்கள் உணராமலில்லை.

அந்தப் பீடத்தின் சரித்திரம் எங்களுக்கு ஓரளவு தெரியும். 1950ஆம் ஆண்டிலே கொழும்பில் ஆரம்பிக்கப்பட்டு, பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரேராவின் தலைமையில் வளர்ந்து, 1964இல் பேராதனைக்கு வந்து சேர்ந்த ஸ்தாபனம் அது. கொழும்பிலே இருந்த காலத்தில், 1960இல் அங்கே மாணவியாகச் சேர்ந்து, பீடம் மலைநாட்டுக்கு இடம்பெயர்ந்த அதே 1964இல் பட்டம் பெற்று, இலங்கையின் முதற்பெண் பொறியியலாளர் என்ற ஸ்தானத்தை அடைந்தவர் பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை என்னும் தமிழ்ப் பெண்மணி. பிற்காலத்தில் அவருடைய கணவரான சி. சிவசேகரம் பேராதனையிலே இயந்திரப் பொறியியல் பேராசிரியராயிருந்தார். தமிழ் வாசகர்களோ அவரைக் கவிஞராகவும் விமர்சகராகவும் அறிவார்கள். பாக்கு நீரிணைக்கு அப்பால் கிண்டிப் பொறியியற் கல்லூரியில், இளமையிலேயே விதவையாகிக் கைக்குழந்தையோடு நின்ற லலிதா என்பவர், 1943இலேயே மின்பொறியியலில் பட்டம் பெற்றிருந்தார் என்பதையும் எங்களுக்குச் சொல்லித் தந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆகவே, பெண்ணுக்கு இந்தத் துறை இயலாது என்று யாரேனும் சொன்னால், அது பிரத்தியட்சத்துக்கு விரோதமான பேச்சு என்று மறுப்பதற்கு எங்களிடம் சான்றுகள் இல்லாமற் போகவில்லை. ஆனால் அவ்விதம் ஒருவரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. பிறர் சொன்னதெல்லாம், இது பெண்களின் சுபாவத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பதுதான். இயலாமைக்குச் சான்று கேட்கலாம். சுபாவத்தைப் பற்றிப் பேசுகிறவரிடம் எதைக் கேட்பது?

இந்தக் கேள்விக்கு எனக்கு முதல் விடை கிடைத்த இடம் பல்கலைக்கழகமன்று. கம்பஸின் ஊடாகப் போகிற அதே கலஹா வீதியில் மேலே ஏறிச் சென்றால் வருகிற தேயிலைத் தோட்டமொன்றிலே என் தந்தையார் பாடசாலை ஆசிரியராயிருந்தார்; அவருடைய தாயார், என் பாட்டி, கொழுந்து பறித்தே அவரைப் படிக்க வைத்தவர். ஜேம்ஸ் டெய்லர் 1867இலே தேயிலையை முதன்முதல் வியாபாரப் பயிராக நட்ட லூல்கந்துரை, எங்கள் மலைக்கு அப்பாலுள்ள மலையிலே இருக்கிறது. அந்தக் காலந்தொட்டு மலையகத்திலே நிலைத்துவிட்ட ஒரு பங்கீடு உண்டு. கொழுந்து பறிப்பது பெண்கள் வேலை. செடியைக் கவ்வாத்து வெட்டுவதும், ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையிலே ரோலரை ஓட்டுவதும், தராசைப் பிடிப்பதும், செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டிலே பேர் போடுவதும் ஆண்கள் வேலை. காரணம் கேட்டால், பெண்ணின் விரல் மெல்லியது, அவளுக்குப் பொறுமை அதிகம், இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளுவதற்கு அவள்தான் பொருத்தம் என்பார்கள்.

சிறுமியாக நான், கொழுந்து நிறுக்கிற மடுவத்திலே நின்று பார்த்திருக்கிறேன். மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் இடுப்பிலே படங்கும் தலையிலே கொழுந்துமாக வரிசையில் நிற்பார்கள். தராசின் முள் அசைந்து நிற்பதற்கு முன்பே கணக்கப்பிள்ளை ஒரு எண்ணைச் சொல்லுவார். அதிலே கூடைக்கென்று ஒரு கழிவும், மழை பெய்திருந்தால் ஈரத்துக்கென்று மேலும் ஒரு கழிவும் போகும். மிஞ்சியது குறித்த நிறைக்கு வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாட் கூலிதான். வரிசையில் நிற்கிற அத்தனை பெண்களுக்கும் தம் தலையிலிருக்கிற கொழுந்தின் பாரம் கழுத்து நரம்பாலேயே தெரியும். ஆயினும் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்லுகிற அதிகாரம் அவர்களில் ஒருத்திக்கும் இல்லை. சம்பள நாளிலோ, அவர்களிற் பலருடைய கூலியைக் கணவன்மாரே கையொப்பமிட்டு வாங்கிப் போவார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது தோட்டங்களிலே பெருவேலைநிறுத்தத்தின் பின்பு 1984இலேதான் வந்தது. அதாவது, தேயிலை வந்து நூற்றுப் பதினேழு வருஷங்களின் பின்பு. மெல்லிய விரல் என்று புகழப்பட்ட அந்த விரலுக்கு, அதுவரைக்கும் தடித்த விரலைக் காட்டிலும் குறைந்த கூலியே கிடைத்துவந்தது.

நான் பொறியியல் படிக்கப் போகிறேன் என்ற செய்தியைக் கேட்டபோது அயலவர் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். பாட்டி மாத்திரம், வெற்றிலையை மடித்தபடியே, "மிசினுக்கு ஆம்பளை கை, பொம்பளை கைன்னு தெரியவா போகுது?" என்றார். அதைப் பார்க்கிலும் தெளிவான நியாயத்தைப் பிற்காலத்தில் நான் படித்த நூல்களில் அதிகமாகக் கண்டதில்லை.

விடுதிக்கு வந்த பின்புதான், நியாயம் ஒன்றாக இருந்தாலும் அதை நோக்கி வருகிற வழிகள் பல என்பதை அறிந்தேன். எங்கள் மாடியிலே யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியும், ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த தோழி ஒருத்தியும், நானும் இரவுதோறும் குப்பி வகுப்பு வைத்துப் படிப்போம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே வழங்கும் பெயர் அது. ஓர் இரவிலே பேச்சு ஒதுக்கீட்டின் மேலே திரும்பிற்று. எங்கள் துறையிலே பெண்களுக்கென்று சில இடங்களை ஒதுக்கினால் என்ன என்று ஹட்டன் தோழி கேட்டாள். யாழ்ப்பாணத்துத் தோழியின் முகம் மாறிவிட்டது.

அவளுடைய வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு காயத்தின் நினைவு இருந்தது. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியிலே, மொழிவாரித் தரப்படுத்தல் என்னும் ஏற்பாட்டின்படி, இதே பேராதனைப் பொறியியல் பீடத்திற்குத் தமிழ் மொழியிலே பரீட்சை எழுதியவர் 400க்கு 250 புள்ளி பெறவேண்டியிருக்க, சிங்கள மொழியிலே எழுதியவருக்கு 227 போதுமானதாயிருந்தது. அவளுடைய தமையனார் அந்த இடைவெளியிலே விழுந்தவர்களுள் ஒருவர். "பிறப்பைப் பார்த்து இடம் குடுக்கிறது ஒருக்கால் தொடங்கினால், அது எங்கே போய் நிக்கும் எண்டு நீர் யோசிச்சுப் பாரும்," என்றாள் அவள். ஹட்டன் தோழி அடங்கிய குரலிலே சொன்னாள்: "1974ல மாவட்ட ஒதுக்கீடு வராம இருந்திருந்தா, நான் இந்தக் கட்டில்ல உக்காந்திருக்க மாட்டேன். எங்க ஸ்கூல்ல பௌதிகத்துக்கு வாத்தியாரே இல்ல. அந்தப் புள்ளிய எங்க அறிவுக்குப் போட்ட புள்ளின்னு நீங்க சொல்றீங்களா?" ஒரே மொழி பேசுகிற, ஒரே துறையிலே படிக்கிற, ஒரே விளக்கின் கீழே இருக்கிற இரண்டு பெண்களுள், ஒருத்தியின் குடும்பத்துக்குக் கதவை மூடிய அதே வகையான கொள்கைதான் மற்றவளுக்குக் கதவைத் திறந்திருந்தது. இருவருடைய அனுபவமும் மெய். இருவருள் எவரேனும் மற்றவரைப் பார்த்து உன் நினைவு பொய் என்று சொல்லியிருந்தால், அன்றைக்கே அந்த நட்பு முறிந்திருக்கும்.

அது முறியாமற் காத்தவள், தத்துவம் படித்துக்கொண்டிருந்த அடுத்த அறை மாணவி. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைச் செய்தபோது, தம் கொள்கையைச் சொல்லுகிற சுபக்கத்துக்கு முன்பாக, பிறர் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து ஆராய்கிற பரபக்கத்தை வைத்தார் என்பதை அவள் எங்களுக்கு விளக்கி, நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்றாள். மற்றவருடைய கட்சியை அவரே, "ஆம், நான் சொல்லுவது இதுதான்," என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்ன பிறகே மறுக்க வேண்டும் என்பது அன்றிரவு எங்களுக்குள் ஏற்பட்ட விதி. யாழ்ப்பாணத்தவள் ஹட்டன் தோட்டப் பாடசாலையைப் பற்றிப் பேசினாள். ஹட்டன் தோழி 250க்கும் 227க்கும் இடையிலே அழிந்துபோன ஓர் இளைஞனின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினாள். பொழுது விடியுமுன் இருவரும் ஒரு முடிவுக்கு வந்ததாக நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பேதத்தை இருவருமே கண்டுகொண்டார்கள்: ஒருவருக்கு முன்பு கிடையாதிருந்த வசதியைக் கணக்கில் எடுப்பது ஒன்று, ஒருவருடைய பிறப்பையே அவருடைய தகுதிக்கு அளவுகோலாக்குவது வேறொன்று. இன்று பல்கலைக்கழக அனுமதியிலே 40 வீதம் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என்றிருக்கிற பங்கீட்டிலே, அந்தப் பதினாறினுள் ஹட்டன் அடங்கிய நுவரெலியாவும் உண்டு, யாழ்ப்பாணமும் உண்டு. ஒரு தலைமுறையிலே இழந்தவர்கள் மறு தலைமுறையிலே அதே வாசலால் வரவேண்டியவர்களாகிவிட்டார்கள். அடையாளத்தை வைத்து வாதிடுகிற எவரும் இந்தச் சரித்திரத்தை மறக்கலாகாது.

பின்னாளில் நான் கண்டி நகரிலே கணினி கற்பிக்கும் ஆசிரியையாக வேலை பார்த்தேன். 2017ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் கூகுள் நிறுவனத்தின் பொறியியலாளரான ஜேம்ஸ் டமோர் என்பவர் எழுதிய நீண்ட குறிப்பொன்று உலகெங்கும் பெரிய விவகாரமாயிற்று. ஆண்களும் பெண்களும் சராசரியிலே வேறுபட்ட நாட்டங்களை உடையவர்கள், இத்துறையிலே பெண்கள் குறைவாயிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம், அதைப் பேச முடியாதபடி நிறுவனம் வாயடைக்கிறது என்பன அவர் கட்சி. ஆகஸ்டிலே அவர் வேலையினின்றும் நீக்கப்பட்டார். என் மாணவர்கள் இரண்டு பட்சமாகப் பிரிந்து நிற்கக் கண்டு, ஒரு மாலையிலே அவர்களை ஒன்றாக உட்கார்த்தி, விடுதியில் நாங்கள் கைக்கொண்ட பழைய விதியையே அவர்களுக்கும் விதித்தேன்.

டமோரின் கட்சியை எடுத்துச் சொல்லும்படி ஒரு மாணவியையே கேட்டேன். அவள் அதை நேர்மையாகச் சொன்னாள். சராசரியைக் கொண்டு ஒரு தனி மனிதரைத் தீர்மானிக்கக் கூடாது என்று அவரே எழுதியிருந்ததையும் அவள் விடவில்லை. அதற்குப் பின்னர் மறுப்பாக அவள் கொண்டுவந்தது கோபத்தையன்று, சரித்திரத்தை. 1946இலே பென்சில்வேனியாவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் பெருங்கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அக்காலத்திலே இயந்திரத்தைக் கட்டுவது ஆண்மைக்குரிய பெருஞ்செயலென்றும், நிரல் அமைப்பது எழுதுவினைஞர் வேலையைப் போன்றதென்றும் கருதப்பட்டபடியால், அது பெண்களின் பொறுமைக்கும் நுணுக்கத்துக்கும் ஏற்றது என்றார்கள். நிரலாக்கம் பணமும் புகழும் தருகிற தொழிலான பின்போ, அதே வேலை ஆண்களின் சுபாவத்துக்கு ஏற்றதாயிற்று. அமெரிக்காவிலே கணினி விஞ்ஞானப் பட்டதாரிகளுள் பெண்கள் எண்பதுகளின் நடுவிலே நூற்றுக்கு 37 பேர்வரை இருந்து, கால் நூற்றாண்டிலே 18 பேர் அளவுக்கு இறங்கினார்கள். மனித சுபாவம் இருபத்தைந்து வருஷங்களிலே பாதியாகத் தேய்வதில்லை. அவள் பேசி முடித்தபோது எனக்கு மடுவமும் தராசும் ஞாபகத்துக்கு வந்தன. பறிக்கிற விரலுக்கும் நிரல் எழுதுகிற விரலுக்கும் சுபாவத்தைக் கற்பித்தது கூலிதான் என்பதை, பென்சில்வேனியாவும் கலஹாவும் ஒரே விதமாகச் சொல்லுகின்றன.

அவளைத் தொடர்ந்து இன்னொரு மாணவி எழுந்து, சித்தாந்தம் ஒன்றும் பேசாமல், தனக்கு நேர்ந்ததை மாத்திரம் சொன்னாள். "மிஸ், எங்க குரூப்ல ஒருத்தரும் என்னை கோட் எழுத வேணாம்னு சொல்லல. 'நீங்க நல்லா பேசுவீங்க, டொக்கியுமென்டேஷனையும் பிரசன்டேஷனையும் நீங்களே பாருங்க'ன்னுதான் சொன்னாங்க. கடைசில வைவால என்கிட்ட கோடைப் பத்திக் கேட்டாங்க. நான் எழுதினது ஒரு வரிகூட அதுல இல்ல." கூடத்திலே சிறிது நேரம் மௌனம் நிலவிற்று. அவளுடைய குழுவிலே இருந்த இளைஞர்கள் துஷ்டர்களல்லர். அவளை அவர்கள் புகழ்ந்தேயிருந்தார்கள். மெல்லிய விரலைப் புகழ்ந்தவர்களும் அப்படித்தானே புகழ்ந்தார்கள்!

அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன் எழுந்தான். விதிப்படி அவளுடைய கட்சியை முதலில் அவன் திருப்பிச் சொல்லி, அவள் தலையசைத்த பிறகு, தன்னுடையதைச் சொன்னான். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்ட லயத்திலிருந்து வருகிறவன் அவன். வீட்டிலே கணினி கிடையாது. ஆய்வுகூடம் பூட்டுகிற நேரத்தோடு அவனுடைய படிப்பும் பூட்டிவிடும். "பெண்களுக்கு மட்டும்னு சனிக்கிழமை பயிற்சி வகுப்பு போட்டிருக்காங்க, மிஸ். அது தப்புன்னு நான் சொல்லல. ஆனா கொழும்புல படிச்சிட்டு, வீட்ல லேப்டொப் வச்சிருக்கிற தங்கச்சி உள்ள போறப்போ, நான் வெளிய நிக்கிறேன். எனக்கு எந்தப் பட்டியல்ல இடம்?" அவனை எதிரி என்று சொல்ல அங்கே யாருக்கு மனம் வரும்? அடையாள அரசியலை வெறுக்கிறவர்கள் அவனுடைய கேள்வியை ஆயுதமாக எடுத்து அவளுடைய வாயை மூடப் பார்ப்பார்கள். அதை விரும்புகிறவர்கள் அவளுடைய குறையைக் காட்டி அவனை உட்கார்த்திவிடப் பார்ப்பார்கள். இரண்டுமே அநியாயம்.

அன்றைய சம்பாஷணை பிரயோஜனமாக முடிந்ததற்குக் காரணம், இருவரும் தங்கள் குறையை ஒரு ஜாதியின் மேல் வைக்காமல், ஒரு வாசலின் மேல் வைத்ததுதான். குழு வேலைகளிலே நிரல் எழுதுவதும், சோதிப்பதும், அறிக்கை தயாரிப்பதும், அவையில் எடுத்துரைப்பதும் எல்லோருக்கும் முறை வைத்து வரவேண்டும் என்று மாணவர்களே தீர்மானித்தார்கள். ஆய்வுகூடத்தைச் சனி ஞாயிறுகளிலே வீட்டிற் கணினி இல்லாதவர்களுக்காகத் திறந்து வைக்கும்படி நிர்வாகத்தைக் கேட்டோம், அதுவும் நடந்தது. பெண்களுக்கான பயிற்சி வகுப்பும் நின்றுவிடவில்லை. ஆண்களிலே வறியவனுக்கு ஒரு கதவு திறந்ததனால் பெண்ணுக்குத் திறந்த கதவு சாத்தப்படவில்லை என்பதை அந்த வகுப்பு தன் கண்ணாலேயே கண்டது.

தமிழிலே வாதத்துக்குப் பெண்கள் புதியவர்களல்லர். நீலகேசி ஊர் ஊராகச் சென்று பிற சமயத்தாரோடு தர்க்கமிட்டு வென்ற கதை நம்மிடம் காவியமாக இருக்கிறது. மணிமேகலையோ வஞ்சி மாநகரிலே சமயக்கணக்கர்களின் தத்துவங்களைக் கேட்க விரும்பியபோது, இளம்பெண்ணாகப் போனால் அவர்கள் மெய்ப்பொருளைச் சொல்லமாட்டார்கள் என்பதனால், மந்திரத்தினாலே தவமுனிவன் ஒருவனின் வடிவம் எடுத்தே போக வேண்டியிருந்தது. என் காலத்துத் தோழியர் சிலரும் தங்கள் குரலைத் தடிப்பாக்கியும், சிரிப்பைக் குறைத்தும், உடையை மாற்றியும், அவ்வகையான வடிவமாற்றத்தையே பாலத்துக்கு அப்பாலுள்ள அந்தக் கரையிலே செய்துகொண்டார்கள். வேறு சிலர் அதற்கு நேர்மாறான சுமையைச் சுமந்தார்கள்: எந்தக் கூட்டத்திலும், "பெண்களின் அபிப்பிராயம் என்ன?" என்று அவர்களையே கேட்பார்கள், பாலத்தின் வளைவைப் பற்றியோ சுற்றின் மின்னழுத்தத்தைப் பற்றியோ அவர்களுக்கென்று ஓர் அபிப்பிராயம் இருக்கக்கூடும் என்று கேட்பவருக்குத் தோன்றாது. பெண் என்பதை மறைத்தால்தான் பேசலாம் என்பதும், பெண் என்பதாலேயே பேசலாம் என்பதும் அவளுடைய வேலையைப் பாராமலே அவளைப் பார்க்கிற இருவகைக் குருட்டுத்தனங்கள். அடையாள அரசியலின் மேல் குறை கூறுகிறவர்கள் இந்த இரண்டாவதைச் சுட்டிக்காட்டும்போது நான் அவர்களோடு முழுமனதாக உடன்படுகிறேன். முதலாவதை அவர்கள் காணாமல் விடும்போது உடன்பட மறுக்கிறேன்.

ஒருவருடைய பிறப்பும் ஊரும் பாலும் அவர் நிற்கிற இடத்தை அவருக்குக் கொடுக்கின்றன. அந்த இடத்திலிருந்து தெரிகிற காட்சியை மற்றவர்கள் அவரிடமிருந்துதான் அறிய முடியும். தராசு பொய் சொல்லுகிறது என்பது கொழுந்தைச் சுமந்தவளுக்கே முதலில் தெரியும். ஆனால் அவள் சொன்ன பிறகு, தராசைச் சோதிப்பது எல்லோருக்கும் பொதுவான வேலை. அதிலே சுமந்தவளின் சொல்லுக்கும் தராசு பிடித்தவரின் சொல்லுக்கும் மேலாக நிறைகல் ஒன்று இருக்கவேண்டும்.

ஆகையினாலே, கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் இந்தத் துறைக்கு வருகிற இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் நான் வகுப்பிலே சொல்லிவந்ததையே இங்கும் சொல்லுகிறேன். சுபாவம் என்று வாதிடுகிறவர், அது எந்த ஆண்டிலிருந்து அப்படி இருக்கிறது, அந்த வேலைக்கு அப்போது என்ன கூலி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அநீதி என்று வாதிடுகிறவர், அது எந்த வாசலிலே, எந்த வழக்கத்தினாலே நடக்கிறது, எதை மாற்றினால் தீரும் என்பதைக் காட்டட்டும். இரு திறத்தாரும் பேசத் தொடங்குமுன் மற்றவருடைய கட்சியை அவர் ஒப்புக்கொள்ளும்படி சொல்லக் கற்றுக்கொள்ளட்டும். அவ்விதம் பேசியவர்கள் கடைசிவரை உடன்படாமலே போகலாம். எங்கள் விடுதித் தோழியர் இருவரும் ஒதுக்கீட்டைப் பற்றி இன்றைக்கும் உடன்படவில்லை. ஆயினும் அந்த இரவுக்கு மறுநாட்காலையிலே இருவரும் ஒரே ஆய்வு மேசையின் முன்னே நின்று ஒரே பரிசோதனையைச் செய்து முடித்தார்கள். ஒன்றாக வேலை செய்யவேண்டியவர்களுக்கு அவ்வளவு உடன்பாடு போதும். அதற்குக் குறைந்த எதையும் நல்ல விவாதம் என்று நான் ஏற்பதற்கில்லை.